கூகுள் கதவைச் சாத்தினால் எந்த வழி? எஃப்-டிராய்டு, கிராஃபீன் ஓஎஸ், லீனியேஜ் ஓஎஸ்: ஒரு விமர்சனம்

மாற்று ரோம் (போனோடு வந்த ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக ஏற்றும் இயங்குதளம்) தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஆரம்பிக்கும் இடமே சரியில்லை. எந்த ரோம் வேகம், எதில் ஐகான் அழகு என்று பார்த்துவிட்டு, கடைசியில்தான் தங்கள் போனில் அது ஏறுமா என்று விசாரிக்கிறார்கள். வரிசையைத் தலைகீழாக்குங்கள். உங்கள் போனின் பூட்லோடர், அதாவது இயங்குதளத்தை ஏற்றித் தொடங்கும் நிரல், வேறு ரோமுக்குத் திறக்குமா? வேறு ரோம் போட்டபின் அதைத் திரும்பப் பூட்ட முடியுமா? உங்கள் வங்கி ஆப் அந்த நிலையை ஏற்குமா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் எந்த ரோம் என்ற கேள்வி தானாகவே தீர்ந்துவிடும். பலருக்கு, ரோமே வேண்டாம், இருக்கும் போனிலேயே சமாளிக்கலாம் என்பதுதான் விடையாக வரும்.

இந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 2025 ஆகஸ்டில் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு போன்களில் நிறுவப்படும் எந்த ஆப்பாக இருந்தாலும், ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வந்தாலும் சரி, அதை உருவாக்கியவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் நிரூபித்துப் பதிவு செய்திருக்க வேண்டும். முதல் கட்டமாக 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து; 2027 முதல் படிப்படியாக மற்ற நாடுகள். எதிர்ப்பு கிளம்பியதும், 2025 நவம்பரில், ஆபத்தைப் புரிந்துகொண்டு நிறுவ விரும்பும் அனுபவசாலிகளுக்கு ஒரு தனி வழி வைப்பதாகவும், மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக ஆப் எழுதுகிறவர்களுக்கும் சிறிய அளவில் பகிர ஒரு கணக்கு வகை தருவதாகவும் சொன்னது. கணினியிலிருந்து ஏடிபி (போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக நிறுவுவதற்குத் தடை இல்லை என்றும் சொல்லியிருக்கிறது.

கவனிக்க வேண்டிய சொல் 'சான்றளிக்கப்பட்ட' என்பது. கூகுள் சான்று பெறாத ரோம்கள் இந்த விதிக்குள் வருவதே இல்லை. ஆக, கிராஃபீன், லீனியேஜ் போன்றவற்றில் இந்தப் பூட்டு இல்லை. ஆனால் அதே சான்று இல்லாத காரணத்தால்தான் சில ஆப்கள் அவற்றில் ஓட மறுக்கின்றன. ஒரு கையால் வாங்கியதை மறு கையால் கொடுக்க வேண்டியிருக்கும்.

போனை மாற்றாமலே: எஃப்-டிராய்டும் அப்டெய்னியமும்

எஃப்-டிராய்டு 2010-இல் தொடங்கியது. இலவச, திறந்த மூல ஆப்களுக்கான களஞ்சியம். இதன் பலம் ஒன்றே ஒன்று: ஆப்பை எழுதியவர் கொடுக்கும் ஏபிகே (நிறுவல்) கோப்பை அப்படியே வாங்கி வைப்பதில்லை; மூல நிரலை எடுத்துத் தாங்களே தொகுக்கிறார்கள். விளம்பர நிரலோ, கண்காணிப்பு நிரலோ, கட்டற்றதல்லாத சேவையைச் சார்ந்திருப்பதோ இருந்தால் ஆப்பின் பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கும். வேறு எந்தக் கடையிலும் இந்த நேர்மையைப் பார்க்க முடியாது.

பலவீனமும் அங்கிருந்தே வருகிறது. தாங்களே தொகுப்பதால் புதிய பதிப்பு வந்து சேரச் சில நாள் ஆகும். அதோடு, பெரும்பாலான ஆப்களில் எஃப்-டிராய்டின் சொந்தக் கையொப்பச் சாவியே இருக்கும். ஆப் யாரிடமிருந்து வந்தது என்று போன் அடையாளம் காண்பது அந்தச் சாவியை வைத்துத்தான். ப்ளே ஸ்டோரிலிருந்து நிறுவிய ஆப்பின் மேல் எஃப்-டிராய்டு பதிப்பை ஏற்ற முயன்றால் கையொப்பம் பொருந்தவில்லை என்று மறுத்துவிடும். பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதை நிறுவ முடியும். நீக்கினால் ஆப்பின் தரவும் போய்விடும். குறிப்பெடுக்கும் ஆப், இரண்டாம்நிலைக் கடவுக்குறியீடு தரும் ஆப் இவற்றில் முதலில் ஏற்றுமதி செய்து கோப்பைப் பத்திரப்படுத்திவிட்டு நீக்குங்கள்.

கூகுளின் புதிய விதி எஃப்-டிராய்டை ஏன் இவ்வளவு கடுமையாகத் தாக்குகிறது என்பதற்கும் இந்தச் சாவிதான் காரணம். பதிவு என்பது ஆப்பின் பேக்கேஜ் பெயரையும் (அதன் தனி அடையாளப் பெயர்) கையொப்பச் சாவியையும் ஓர் ஆளோடு முடிச்சுப் போடுவது. பிறர் எழுதிய ஆப்களைத் தன் பெயரில் பதிந்தால் அவர்களின் உரிமையைப் பறித்ததாகும். அவர்களையே பதியச் சொல்லவும் எஃப்-டிராய்டுக்கு அதிகாரமில்லை. இந்த விதி இப்படியே வந்தால் திட்டமே முடிந்துவிடும் என்று 2025 செப்டம்பரில் அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். ஆப் எழுதியவரின் சாவியோடே வெளியிடும் முறையும் அங்கு உண்டு: தாங்கள் தொகுத்ததும் அவர் தொகுத்ததும் பிட்டுக்குப் பிட்டு ஒத்துப்போனால் அவர் கையொப்பத்தையே பயன்படுத்துகிறார்கள். அந்த வகை ஆப்களுக்கு எதிர்காலம் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது.

எஃப்-டிராய்டின் சொந்த ஆப் மந்தமானது. டிராய்டிஃபை அல்லது நியோ ஸ்டோர் போடுங்கள். களஞ்சியம் அதேதான், முகம்தான் வேறு. ஆண்ட்ராய்டு 12 முதல், ஒரு கடை தானே நிறுவிய ஆப்பை ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்காமல் புதுப்பிக்க முடியும். ஆப் மிகப் பழைய ஆண்ட்ராய்டை இலக்காகக் கொண்டிருந்தால் மட்டும் கேட்கும். எனவே ஓர் ஆப்பை எந்தக் கடையில் நிறுவினீர்களோ அதே கடையில் தொடருங்கள். கடைக்குக் கடை தாவினால் புதுப்பிப்பு சத்தமில்லாமல் நடக்காது.

அப்டெய்னியம் வேறு ஜாதி. அது கடையே அல்ல. கிட்ஹப், கிட்லேப் போன்ற இடங்களில் ஆப்பின் பக்க முகவரியைக் கொடுத்தால், புதிய வெளியீடு வந்ததா என்று பார்த்து நேரடியாக இறக்கித் தரும். தாமதமில்லை. ஆனால் நடுவில் யாரும் சோதிப்பதும் இல்லை. ஆப் எழுதியவரை நம்புகிறீர்களா என்பது மட்டுமே பாதுகாப்பு. இரண்டு இடங்களில் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஒன்று, ஒரே வெளியீட்டில் நாலைந்து ஏபிகே இருந்தால் எது வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்கும். அந்த ஆப்பின் அமைப்பில் ஏபிகே பெயர் வடிகட்டியில் 'ஆர்ம்64' (இன்றைய பெரும்பாலான போன்களின் சிப் வகை) என்ற பகுதியை ஆங்கிலத்தில் எழுதிவைத்தால் தொல்லை தீர்ந்தது. இன்னொன்று, ஆப் எண்ணிக்கை கூடியதும் திடீரென்று பிழை காட்டும். உள்நுழையாமல் வருகிறவர்களுக்குக் கிட்ஹப் ஒரு மணி நேரத்துக்கு 60 கோரிக்கைகளைத்தான் அனுமதிக்கிறது. இலவசக் கணக்கில் எந்த உரிமையும் கொடுக்காத ஒரு டோக்கன் (கடவுச்சொல்போலச் செயல்படும் எழுத்துச் சரம்) உருவாக்கி அமைப்பில் ஒட்டிவிடுங்கள்.

முதல்முறை நிறுவும்போது கையொப்பச் சான்றின் ஹேஷை (கைரேகை போன்ற தனி எண்) சரிபார்ப்பது நல்லது. ஆப்வெரிஃபையர் என்ற சிறிய ஆப் அதற்கென்றே இருக்கிறது. ஆப் எழுதியவர் தன் தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டால் போதும். முதல் முறைக்கு மட்டும்தான் இந்த வேலை. அதன்பின் வேறு சாவியில் வரும் எதையும் ஆண்ட்ராய்டே மேலேற்ற விடாது.

ப்ளே ஸ்டோரில் மட்டுமே கிடைக்கும் இலவச ஆப்களுக்கு அரோரா ஸ்டோர். கூகுள் கணக்கில்லாமல், பொதுக் கணக்கு ஒன்றின் வழியே இறக்கித் தரும். அந்தப் பொதுக் கணக்குகள் அடிக்கடி முடங்கும். வெளியேறி மறுபடி நுழைந்தால் பெரும்பாலும் சரியாகும். இது கூகுளின் விதிமுறைக்குப் புறம்பானது என்பதால் உங்கள் சொந்தக் கணக்கை இதில் போடாதீர்கள்.

ஏடிபியைக் கற்றுவைப்பது இனி அவசியம். அமைப்புகளில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டி டெவலப்பர் விருப்பங்களைத் திறந்து, யுஎஸ்பி பிழைத்திருத்தத்தை இயக்கி, கணினியில் கூகுளின் பிளாட்ஃபார்ம் டூல்ஸ் தொகுப்பை விரித்துவைத்தால் ஆயிற்று. இதில் வரும் பிழைகள் எண்ணிக்கையில் குறைவு, அர்த்தம் தெளிவு. 'அப்டேட் இன்கம்பாட்டிபிள்' என்றால் கையொப்பம் வேறு. 'டெப்ரிகேட்டட் எஸ்டிகே' என்றால் ஆப் மிகப் பழையது. ஆண்ட்ராய்டு 14 முதல் எஸ்டிகே 23-க்குக் கீழ் (அதாவது ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தையதை) இலக்கு வைத்த ஆப்கள் தடுக்கப்படுகின்றன, ஏடிபி கட்டளையில் அந்தத் தடையைத் தாண்டும் விருப்பம் உண்டு. பல துண்டாக வரும் ஏபிகே என்றால் வழக்கமான இன்ஸ்டால் கட்டளை தோற்கும். இன்ஸ்டால்-மல்டிபிள் கட்டளையில் எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வழக்கமான புலம்பல்: வெளியிலிருந்து நிறுவிய ஆப்புக்கு அணுகல்தன்மை அனுமதி கொடுக்கப் போனால் சுவிட்ச் மங்கலாக இருக்கிறது. ஆண்ட்ராய்டு 13-இல் வந்த கட்டுப்பாடு அது. ஆப் விவரப் பக்கத்துக்குப் போய், மேலே மூன்று புள்ளியைத் தட்டி, கட்டுப்படுத்தப்பட்ட அமைப்புகளை அனுமதிக்க வேண்டும். அந்த விருப்பமே தெரியவில்லை என்றால், முதலில் ஒருமுறை மங்கலான சுவிட்சைத் தட்டிவிட்டு மறுபடி வந்து பாருங்கள். சாம்சங் போனில் எதுவுமே நிறுவ முடியவில்லை என்றால், ஆட்டோ பிளாக்கர் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாதுகாப்பு அமைப்புகளில் பார்க்கவும்.

கிராஃபீன் ஓஎஸ்

இந்தப் பட்டியலில் தயங்காமல் பரிந்துரைக்கக்கூடியது இது ஒன்றுதான். விசித்திரம் என்னவென்றால், கூகுளிடமிருந்து தப்பிக்கக் கூகுளின் பிக்சலையே வாங்க வேண்டும். காரணம் சரியானதுதான்: பூட்லோடரைத் திறந்து, வேறு ரோம் போட்டு, அந்த ரோமின் சாவியோடு திரும்பப் பூட்டுவதைப் பிக்சல் முறையாக ஆதரிக்கிறது. பூட்டியபின், ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் ரோமில் யாரும் கைவைக்கவில்லை என்பதை வன்பொருளே சரிபார்க்கும். பிக்சல் 8-ஐயோ அதற்குப் பிந்தையதையோ வாங்குங்கள். 7 ஆண்டுப் புதுப்பிப்பும், நினைவகத் தாக்குதல்களைத் தடுக்கும் மெமரி டேகிங் வசதியும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

வாங்கும்போது ஒரு கண்ணி. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் விற்ற சில பிக்சல்களில் 'ஓஇஎம் அன்லாக்கிங்' சுவிட்ச் நிரந்தரமாக மங்கிக் கிடக்கும். அதைத் திறக்க வழியில்லை. பழைய போன் வாங்குகிறீர்கள் என்றால், பணம் கொடுக்கும் முன் போனை இணையத்தில் இணைத்து, அந்தச் சுவிட்ச் நகர்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இணையம் இல்லாமல் பார்த்தால், நல்ல போனில்கூட மங்கலாகத் தெரியலாம்.

நிறுவுவது உலாவி வழியாகவே. கணினியில் 2 ஜிபி காலி ராம், 32 ஜிபி காலி இடம், குரோமியம் வகை உலாவி வேண்டும். பயர்பாக்ஸ் ஆகாது, உலாவி யுஎஸ்பி சாதனத்தோடு நேரடியாகப் பேச உதவும் வெப்யுஎஸ்பி அதில் இல்லை. ஒலி குறைக்கும் பொத்தானை அழுத்தியபடி போனை இயக்கினால் ஃபாஸ்ட்பூட் திரை (கணினியிலிருந்து ரோம் எழுதும் நிலை) வரும். தளத்தில் உள்ள பொத்தான்களை வரிசையாக அழுத்த வேண்டும்: திற, இறக்கு, எழுது, பூட்டு. திறக்கும்போதும் பூட்டும்போதும் போனிலேயே ஒலிப் பொத்தானால் விருப்பத்தைத் தேர்ந்து பவர் பொத்தானால் உறுதி செய்ய வேண்டும். இரண்டு முறையும் போனில் உள்ளது எல்லாம் அழியும்.

நடுவில் நின்றுபோனால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகியது, கேபிள் மட்டம், உலாவியை மறைநிலைச் சாளரத்தில் திறந்தது (அதில் சேமிப்பிடம் போதாது), லினக்ஸில் ஸ்னாப் அல்லது ஃபிளாட்பேக்காக நிறுவிய உலாவி. விண்டோஸில் போனே தெரியவில்லை என்றால், விண்டோஸ் அப்டேட்டின் விருப்பப் புதுப்பிப்புகளில் ஆண்ட்ராய்டு பூட்லோடர் இயக்கி காத்திருக்கும். எழுதி முடித்ததும் பூட்டாமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கிராஃபீனின் பாதுகாப்பில் பாதி அந்தக் கடைசிப் படியில்தான் இருக்கிறது. இயங்கத் தொடங்கும்போது வேறு இயங்குதளம் என்று மஞ்சள் எச்சரிக்கை வரும். அது பிழையல்ல, எப்போதும் அப்படித்தான்.

பயன்பாட்டில் இதன் பெரிய சாதனை, கூகுள் ப்ளே சேவைகளைச் சாதாரண ஆப் போல ஒரு கூண்டுக்குள் ஓடவிட்டதுதான். மற்ற போன்களில் ப்ளே சேவைகள் கேட்காமலே எல்லாவற்றையும் தொடும். இங்கே அதற்கும் நீங்கள் கொடுத்த அனுமதி மட்டும்தான். வேண்டாமென்றால் நீக்கிவிடலாம், வேண்டுமென்றால் கிராஃபீனின் சொந்த ஆப் ஸ்டோரிலிருந்து நிறுவலாம். அறிவிப்புகள் தாமதமாக வந்தால், ப்ளே சேவைகளுக்கு பேட்டரிக் கட்டுப்பாட்டைத் தளர்த்துங்கள். பிறகு, ஆப்புக்கு ஆப் இணைய அனுமதி. கீபோர்டுக்கும் டார்ச்சுக்கும் இணையம் எதற்கு? ஒரே சுவிட்சில் அணைத்துவிடலாம். எல்லாக் கோப்புகளும் வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஆப்புக்கு ஸ்டோரேஜ் ஸ்கோப்ஸ் வழியாக ஒரு கோப்புறையை மட்டும் காட்டினால், அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அது ஓடும்.

இனி கசப்பு. கூகுளின் தட்டிப் பணம் செலுத்தும் வசதி வேலை செய்யாது. வங்கி ஆப்களில் பெரும்பாலானவை ஓடும், சில ஓடாது. ஓடாததில் இரண்டு வகை. திறந்ததும் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும் ஆப்பை, ஆப் விவரத்தில் 'எக்ஸ்ப்ளாய்ட் புரொடெக்ஷன் கம்பாட்டிபிலிட்டி' பயன்முறையை இயக்கிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகும். 'உங்கள் சாதனம் பாதுகாப்பானதல்ல' என்று செய்தி காட்டும் ஆப், போன் நம்பகமானதா என்று கூகுள் வழியே பார்க்கும் ப்ளே இன்டெக்ரிட்டி சோதனையில் 'டிவைஸ்' நிலையைக் கேட்கிறது. கூகுள் சான்றில்லாமல் அது கிடைக்காது. இதற்கு மருந்து போனில் இல்லை. வங்கி மனது வைக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தமே வராத பழைய போன் சான்று வைத்திருப்பதால் 'டிவைஸ்' நிலையில் தேறிவிடும், வாராவாரம் திருத்தம் வாங்கும் இது தேறாது. இதைப் பாதுகாப்பு என்று அழைப்பது நல்ல நகைச்சுவை.

லீனியேஜும் மற்றவையும்

சயனோஜென்மாட் என்ற பழைய ரோம் மூடப்பட்டபின் 2016 டிசம்பரில் பிறந்தது லீனியேஜ் ஓஎஸ். பல நிறுவனங்களின் போன்களில் ஏறும். உற்பத்தியாளர் கைவிட்ட போனுக்கு இன்னும் சில ஆண்டு ஆயுள் கொடுக்கும். அதற்காகப் போடுங்கள், பாதுகாப்புக்காக அல்ல. பெரும்பாலான போன்களில் பூட்லோடர் திறந்தபடியே கிடக்கும். ஆண்ட்ராய்டு புதிதாக இருந்தாலும் மோடம், சிப் இவற்றின் ஃபர்ம்வேர் உற்பத்தியாளர் நிறுத்திய நாளிலேயே நின்றிருக்கும். 'பூட்லோடரைத் திரும்பப் பூட்டிவிடுவோமே' என்று கைவைக்காதீர்கள்: ரோமின் சாவியை ஏற்காத போனில் பூட்டினால் அது கல்லாகிவிடும்.

நிறுவும்போது ரிகவரியில் (ரோம் எழுதுவதற்கான தனித் திரை) சைட்லோடு (கணினியிலிருந்து கோப்பை அனுப்பும் கட்டளை) கொடுத்ததும் கணினியில் 47 சதவீதத்தில் நின்றதுபோலத் தெரியலாம். பதறிக் கேபிளைப் பிடுங்காதீர்கள். அங்கேயே முடிந்துவிட்டதாகக் காட்டுவது வழக்கம், போன் திரை சொல்வதை நம்புங்கள். கூகுள் ஆப்கள் வேண்டுமென்றால் ரோமை முதன்முறை இயக்கும் முன்பே எழுத வேண்டும். இரட்டைப் பகிர்வு போன்களில் (இயங்குதளத்துக்கு இரண்டு இடம் ஒதுக்கியவை), ரோமை எழுதியபின் ரிகவரிக்கே ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிட்டு அடுத்ததை எழுத வேண்டும். இல்லாவிட்டால் தவறான பகிர்வில் போய் உட்காரும். கையொப்பச் சரிபார்ப்பு தோல்வி என்று அப்போது கேட்டால் தொடரலாம், அது லீனியேஜின் சாவியில் கையொப்பமிட்ட தொகுப்பல்ல. ஒருமுறை இயக்கிவிட்டுப் பிறகு கூகுளை ஏற்றினால் ஆப்கள் வரிசையாக விழும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவதுதான் தீர்வு.

பூட்லோடர் திறக்கும் கதவே சுருங்கிவருகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். ஹுவாவே 2018-இல் திறப்புக் குறியீடு தருவதை நிறுத்தியது. சாம்சங் 2025-இல் ஒன் யுஐ 8-ஓடு திறப்பு விருப்பத்தையே எடுத்துவிட்டது. அதற்கு முன்பும் திறந்தால் நாக்ஸ் ஃபியூஸ் (திறந்ததை நிரந்தரமாகப் பதிந்துவிடும் வன்பொருள் குறி) எரிந்து, சாம்சங் பேயும் செக்யூர் ஃபோல்டரும் நிரந்தரமாகப் போயின. ஷாவ்மியில் கணக்கு, விண்ணப்பம், காத்திருப்பு என்று ஒரு யாத்திரை. வாங்கும் முன், அந்த மாடலுக்கு லீனியேஜின் விக்கியில் பக்கம் இருக்கிறதா, 'தற்போது பராமரிக்கப்படுகிறது' என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு சிப்போடு விற்கும் போன்கள் உண்டு. பெயர் அல்ல, மாடல் எண் பொருந்த வேண்டும்.

மியூரெனாவின் இ ஓஎஸ், நிறுவும் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு. ஃபேர்போனில் நிறுவியே விற்கிறார்கள். கூகுள் சேவைகளுக்குப் பதில் அவற்றின் திறந்த மூல மாற்றான மைக்ரோஜி. அறிவிப்புகளும் வரைபடமும் பெரும்பாலும் ஓடும். பாதுகாப்புத் திருத்தம் கிராஃபீன் அளவுக்குச் சூட்டோடு வராது. கேலிக்ஸ் ஓஎஸ்ஸைப் பழைய கட்டுரைகள் இன்னும் பரிந்துரைக்கின்றன. அது 2025 ஆகஸ்டில் வெளியீடுகளை நிறுத்திவைத்து, பயனர்களை வேறு ரோமுக்கு மாறச் சொன்னது. டிவெஸ்ட் ஓஎஸ் 2024 டிசம்பரோடு முடிந்தது. சிறு குழு நடத்தும் ரோமில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

ஐபோனில் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச் முதலும், ஜப்பானில் 2025 டிசம்பர் முதலும் மாற்றுக் கடைகளுக்கு இடம் உண்டு. அங்கும் ஆப்பிளின் ஒப்புதல் முத்திரை இல்லாமல் எதுவும் ஏறாது. மற்ற இடங்களில் இலவச ஆப்பிள் கணக்கோடு ஆல்ட்ஸ்டோர் என்ற மாற்றுக் கடையைப் போட்டால் ஒரே நேரத்தில் 3 ஆப், ஒவ்வொன்றுக்கும் 7 நாள் ஆயுள். வாரத்துக்கொருமுறை கணினியைத் தேடிப் புதுப்பிப்பது சலித்துவிடும்.

போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ், உபுண்டு டச் போன்ற லினக்ஸ் வழிகள் கைவேலை பிடித்தவர்களுக்கு இரண்டாவது போனில் பொருந்தும். வேடிராய்டு என்ற கருவி வழியாக ஆண்ட்ராய்டு ஆப்கள் ஓடும், வங்கி ஆப்களை மறந்துவிடுங்கள். எடுக்கும் முன் அழைப்பு, 4ஜி வழிப் பேச்சு, கேமரா மூன்றும் அந்த மாடலில் வேலை செய்கின்றனவா என்று அந்தத் திட்டத்தின் பட்டியலில் பாருங்கள். மூன்றும் பச்சையாக இருக்கும் போன்கள் கொஞ்சம்தான்.

எதைத் தேர்ந்தாலும், பூட்லோடரைத் தொடும் முன் இரண்டாம்நிலைக் குறியீடுகளையும் அரட்டைக் காப்புகளையும் போனுக்கு வெளியே எடுத்துவையுங்கள். படங்களை எல்லாரும் நினைவில் வைக்கிறார்கள், இவற்றைத்தான் மறக்கிறார்கள். கிராஃபீன் பிடிக்காமல் திரும்ப வேண்டுமென்றால் கூகுளின் இணைய ஃபிளாஷ் கருவி இருக்கிறது. ஆனால் தொழிற்சாலை ரோமை எழுதி, பூட்டும் முன், ஃபாஸ்ட்பூட்டில் ஏவிபி கஸ்டம் கீயை அழிக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். கிராஃபீனின் இணைய நிறுவல் பக்கத்திலேயே அதற்கு ஒரு பொத்தான் உண்டு. அதை விட்டுவிட்டுப் பூட்டினால் கிராஃபீனின் சாவி போனிலேயே தங்கிவிடும், போன் முழுமையாகப் பழைய நிலைக்கு வந்ததாக ஆகாது.